ஊசி படாத தட்டு

தட்டுக்காரர் வீட்டில் நல்ல அறை இசைத்தட்டுகளுக்கு. அங்கே காற்று வரும், ஈரம் ஏறாது, வெயில் நேராக விழாது. மனிதர்கள் மீதி இடத்தில் இருந்துகொண்டார்கள். பிள்ளைகள் இரண்டும் கூடத்திலேயே படுத்து, கூடத்திலேயே படித்து, வேலை கிடைத்ததும் விட்டால் போதுமென்று வெளியூர் போய்விட்டன. மனைவியின் தையல் மிஷின் சமையலறை மூலைக்குப் போனது. அது ஓடினால் தரை அதிர்கிறதாம், தரை அதிர்ந்தால் தட்டின் மேல் ஊசி துள்ளுகிறதாம். எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டாமல் அடுத்தவர் துணியைத் தைத்துக் கொடுக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

அவருக்கு வங்கியில் லாக்கர் பிரிவில் உத்தியோகம். வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டு, அவர்கள் போனதும் பூட்ட வேண்டும். ஆயுசு முழுக்க அதையே செய்து கை பழகிவிட்டது என்பாள் அவள். வீட்டிலும் எதைக் கண்டாலும் பூட்டினார். சர்க்கரை டப்பாவைத்தான் விட்டுவைத்தார்.

அவர் சேர்த்தது ப்ளூஸ். எங்கோ கடலுக்கு அப்பால், அடுத்தவன் பருத்திக் காட்டில் முதுகொடிய உழைத்த கறுப்பின ஜனங்கள் ஆற்றாமையில் பாடிய பாட்டு. அரக்கில் செய்த அந்தக் காலத்துத் தட்டுகள், ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டு, கைதவறினால் அப்பளமாக நொறுங்கும். அந்தப் பாடகர்களைப் பற்றி வந்த ஆவணப்படங்களையும் விடமாட்டார். வீடியோ கேசட், பிறகு டிஸ்க் என்று அலமாரி நிறைந்தது. படத்தில் யாராவது பழைய வீட்டில் உட்கார்ந்து பேசினால், பேசுகிறவரை விட்டுவிட்டு, பின்னால் அலமாரியில் என்ன தட்டு இருக்கிறது என்று படத்தை நிறுத்தி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்.

அழவும் செய்வார். அதுதான் அவளுக்கு ஆத்திரம். ஒருநாள் திரையில் ஒரு கிழவர், தன் பாட்டைப் பதிவு செய்த கம்பெனி ஒரு புட்டி சாராயத்தையும் வண்டிக் கூலியையும் கொடுத்து அனுப்பிவிட்டதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். இவருக்குக் கண்ணில் தண்ணீர் தாரை தாரையாக. பக்கத்தில் அவள் காய்ச்சலோடு யாரோ வீட்டுப் பிள்ளையின் பள்ளிச் சீருடைக்குக் கையால் ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள். மாத்திரை போட்டாயா என்று ஒரு வார்த்தை இல்லை.

"பாடினவங்க வீட்டுல இந்தத் தட்டு ஒண்ணாவது இருந்திருக்குமா?" என்று கேட்டாள்.

"எங்கேருந்து இருக்கும்? போட்டுக் கேக்க மிஷின் வாங்கவே வழியில்ல பாவம்."

"இங்க மிஷின் இருக்கு. போட்டுக் கேக்கத்தான் மனசில்ல."

அவர் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டார்.

அவள் குத்திக்காட்டியது ஒரே ஒரு தட்டை. மற்றவற்றையெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் போடுவார். அந்த ஒன்றை மட்டும் போடமாட்டார். அதில் பாடியவள் ஊர் பேர் தெரியாத ஒரு பெண். அந்தத் தட்டைத் தவிர வேறெதிலும் அவள் பாடியதில்லை, உலகத்திலேயே நாலைந்துதான் மிச்சம் என்பார். வந்த அன்று ஒரு முறை போட்டு, அதைக் கேசட்டில் பதிவு செய்துகொண்டார். பிறகு நீல லேபிள் ஒட்டிய அந்தத் தட்டு உறைக்குள் போய், உறை டின் பெட்டிக்குள் போய், பெட்டி பீரோவுக்குள் போனது. ஒவ்வொரு முறை ஊசி வைக்கும்போதும் பாட்டில் ஒரு பொடி உதிர்ந்துவிடும் என்பது அவர் கணக்கு. அவரே கேசட்டைத்தான் கேட்டார்.

அதைக் கொண்டுவந்து கொடுத்தவன் அவளுடைய அண்ணன். ரேடியோ, டி.வி. ரிப்பேர் கடை வைத்திருந்தான். எங்கோ வேலைக்குப் போன வீட்டில் குப்பைக்கு ஒதுக்கியிருந்த தட்டுகளைப் பார்த்து, மாப்பிள்ளைக்கு ஆகுமே என்று அரிசிச் சாக்கில் போட்டுச் சுமந்து வந்தான். கடைக்கு ஆள் வந்து காத்திருக்கிறார் என்று உடனே ஓடியும் விட்டான். தட்டுக்காரரின் மிஷினுக்கு பெல்ட் மாற்றுவது, மோட்டாருக்கு எண்ணெய் விடுவது எல்லாம் அவன்தான். ஒரு டீக்கு மேல் எதுவும் வாங்கியதில்லை.

அந்த அண்ணனுக்குத்தான் காதுக்குள் நரம்பில் கட்டி வந்தது. ஒரு காது முன்னமே போயிருந்தது. மற்றதையும் ஆபரேஷன் செய்தாக வேண்டும், உயிருக்குப் பயமில்லை, ஆனால் கேட்கும் சக்தி மிஞ்சாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தின ஞாயிறு வந்து உட்கார்ந்தான்.

"மாப்பிள்ளை, அந்தம்மா அப்படி என்னதான் பாடியிருக்கான்னு ஒரு தடவை கேட்டுட்டுப் போயிடறேன். வருஷக்கணக்கா நீங்க சொல்லிச் சொல்லி ஆசையாயிடுச்சு."

"அதுக்கென்ன மச்சான், போட்டுட்டாப் போச்சு" என்றார் அவர், தேனாக.

அவள் டீ எடுத்துக்கொண்டு போனபோது தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. சிவப்பு லேபிள். மிஷினுக்குப் பின்னால், துணி போட்டு மூடியிருந்த டேப் ரெக்கார்டரில் சின்ன விளக்கு எரிந்தது. துணியின் நூலிடை வழியே அது தெரிந்தது. துணிகளோடு வாழ்கிறவள் கண்ணுக்கு அது தப்பவில்லை. அவர் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சலும் இருந்தது, மிரட்டலும் இருந்தது.

தேய்ந்து இழுத்துப்போன கேசட். போர்வைக்குள்ளிருந்து யாரோ முனகுவது போல இருந்தது. அண்ணன் நல்ல காதை ஸ்பீக்கர் பெட்டிக்குக் கிட்டே கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு, முடியும்வரை கேட்டான்.

"நல்லா இருந்துச்சு மாப்பிள்ளை" என்றான்.

வாசல்வரை வழியனுப்ப வந்த தங்கையிடம்தான் உண்மையைச் சொன்னான். "குரலே பிடிபடலம்மா. இந்தக் காதும் பாதி போயிடுச்சு போல. நேத்துவரைக்கும் நல்லாத்தான் கேட்டுது."

அவள் வாயைத் திறக்கவில்லை. திறந்தால், உன்னை அவர் ஒரு தட்டுக்குக்கூட மதிக்கவில்லை என்று தன் வாயாலேயே சொல்ல வேண்டியிருக்கும். உள்ளே போய் அவரிடம்தான் வெடித்தாள்.

"உங்களுக்கே இது நல்லா இருக்கா?"

"பாட்டு அதேதானே? வரி மாறிச்சா, ராகம் மாறிச்சா? அவருக்கு வித்தியாசம் தெரியவா போகுது?"

ஆபரேஷன் முடிந்தது. டாக்டர் சொன்னபடியே ஆயிற்று. அண்ணன் கடையை விடவில்லை. விரலை வைத்து மோட்டாரின் அதிர்வைப் பார்த்தே வேலை செய்தான். உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளவும் பழகினான். தன் குரல் தனக்குக் கேட்காததால் சத்தமாகப் பேசினான். தட்டுக்காரர் அவனிடம் பேசும்போது முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பிறகுதான் படம் எடுக்கிறவர்கள் வந்தார்கள். பழைய தட்டுகளைச் சேர்க்கிறவர்களைப் பற்றி ஆவணப்படம். இத்தனை வருஷம் அடுத்தவர் படத்தில் அலமாரியை எட்டிப் பார்த்தவர் வீட்டுக்கே கேமரா வருகிறது. அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. புதுச் சட்டை தைக்கச் சொன்னார். அவளும் தைத்துத் தொலைத்தாள். மிஷின் நடுவில் மக்கர் செய்யக் கூடாதே என்று அண்ணனை வரவழைத்துப் புது பெல்ட் போடச் சொன்னார். வேலை முடிந்ததும் அவன் ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டான்.

படம் எடுக்க வந்த பெண் மரியாதையாகத்தான் கேட்டாள். "சார், அந்த அபூர்வமான தட்டை ஒரு தடவை போட்டுக் காட்ட முடியுமா?"

பீரோ திறந்தது. டின் பெட்டி திறந்தது. நீல லேபிள் வெளிச்சத்துக்கு வந்தது. அவர் ஊசியை வைத்தார்.

அவள் சமையலறையிலிருந்து கைவேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றாள். குரல் பக்கத்தில் நின்று பாடுவது போல வந்தது. மூச்சு இழுப்பது கேட்டது. வார்த்தை ஒன்றும் புரியவில்லை. ஆனால் சொல்லி அலுத்துப்போன ஒரு பொம்பளை இன்னொரு தடவை சொல்கிறாள் என்பது புரிந்தது.

வெளிச்சம் சரியில்லை என்று இரண்டாம் முறை போட்டார்கள். தெருவில் வண்டி ஹாரன் அடித்தது என்று மூன்றாம் முறை. அவர் முகம் சுளிக்கவில்லை. பொடி உதிர்கிற கணக்கெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. கேமராவைப் பார்த்து, "இது எளிய மக்களோட பாட்டு. எல்லாருக்கும் போய்ச் சேரணும்" என்று வேறு சொன்னார்.

மூன்றாம் முறை தட்டு சுற்றிக்கொண்டிருக்கும்போது அண்ணன் ஸ்டூலை விட்டு எழுந்து கிட்டே வந்தான். குனிந்து பார்த்தான். பிறகு அறை முழுக்கக் கேட்கிற மாதிரி, "மாப்பிள்ளை, அன்னிக்குச் சிவப்பு லேபிள்தானே ஓடிச்சு?" என்றான்.

அவர் தட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. படம் எடுக்கும் பெண்தான் சங்கடத்தோடு சொன்னாள், "ஐயா குரல் பதிவாயிடுச்சு சார். இன்னும் ஒரே ஒரு தடவை போடலாமா?"

"அதுக்கென்னம்மா, போட்டுட்டாப் போச்சு" என்றார் தட்டுக்காரர்.

அவள் அண்ணன் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தெருவில் நின்று, தன் உதடு அவனுக்குத் தெரியும்படி முகத்தை நேரே வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள். "அன்னிக்கு உனக்குப் போட்டது டேப்பு. உன் காது நல்லாத்தான் இருந்துச்சுண்ணே."

அவன் கொஞ்ச நேரம் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். இன்னும் ஏதாவது வருமா என்று பார்த்தான் போல. கோபப்படுவான் என்று நினைத்தாள். படவில்லை.

"சரி விடு. இன்னிக்குப் போட்டது எப்படி இருந்துச்சு?"

நன்றாக இல்லையென்று சொல்லத்தான் நினைத்தாள். ஒன்றும் பிரமாதமில்லை, இதுக்குப் போயா என்று சொல்லிவிட்டால் அவனுக்காவது ஆறுதலாக இருக்கும். ஏற்கெனவே ஒரு பொய்க்கு வாயை மூடிக்கொண்டு துணை போனது போதும் என்று தோன்றியது.

"நல்லா இருந்துச்சுண்ணே" என்றாள். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது.

ஜன்னல் வழியாக, தட்டில் பாடுகிறவள் மறுபடியும் மூச்சை இழுத்துப் பாட ஆரம்பித்தாள். காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் போல இருந்தும் அவள் கை எழவில்லை. நின்று கேட்டாள்.

அண்ணன் அவள் முகத்தைப் பார்த்தான்.

"மறுபடியும் போட்டுட்டாரா?" என்று கேட்டான்.