ஃபாத்திமா மேரியின் செல்கள்

டாக்டர் வெங்கடராமனுக்குப் புற்றுநோய் ஆராய்ச்சியின் எதிர்காலம் மொத்தமும் அத்துப்படி. துளித்துளியாக உறிஞ்சி விடும் பிப்பெட்டைப் பிடிக்கத்தான் தெரியாது. எங்கள் லேபில் அது தெரிந்தவள் ஐரின். ஜீவனஹள்ளிக்காரி, பதினாறு வருடமாகச் செல்களுக்குத் தீனி போட்டு வளர்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேரே லேபுக்கு வந்துவிடுவாள். செல்களுக்கு ஏது லீவு? நான் அங்கே ஸ்டோர் கிளார்க். கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறேன்.

அவளுடைய அம்மா ஃபாத்திமா மேரி வாய்ப்புற்றில் இறந்தவர். சாகுமுன் கையெழுத்துப் போட்டு, கட்டியில் ஒரு துணுக்கை எங்கள் ஆராய்ச்சிக்குக் கொடுத்தார். "நாலு பேருக்காவது உதவட்டும்" என்றாராம். அதிலிருந்து செல்களை வளர்த்தெடுத்தவள் ஐரின். "அம்மாவப் பாத்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் அந்த அறைக்குள் போவாள்.

ஒருநாள் டிவிக்காரர்கள் வந்தார்கள். நம் மகாமேதை புதுக் கோட்டு மாட்டிக்கொண்டார். கேமராவைப் பார்த்து இளித்தபடியே, வேறொரு புற்றுச்செல் தட்டில் விட்ட பிப்பெட்டை அப்படியே ஃபாத்திமா மேரியின் தட்டிலும் விட்டார்.

"ஐயோ சார், பிப்பெட் முனைய மாத்தல! அந்தச் செல் இதுல கலந்துடும்!" ஐரின் பதறினாள்.

"ஒண்ணும் ஆகாதும்மா, சும்மா இரு."

அப்புறம் மூன்று வருடம், ஏழு கட்டுரை, இரண்டு சால்வை. செல்கள் பெருகிய வேகம் மட்டும் ஐரினை உறுத்திக்கொண்டே இருந்தது. அம்மாவின் பழைய ரத்த மாதிரியையும் சேர்த்து டிஎன்ஏ சோதனைக்கு அனுப்பினாள். தட்டில் அம்மா இல்லவே இல்லை. வந்தேறிச் செல்கள் முந்திக்கொண்டு அவரை ஒழித்துவிட்டிருந்தன. ஐரின் என் மேஜைமேல் தலையைக் கவிழ்த்து அழுதாள்.

ரிப்போர்ட்டை நீட்டியதும் டாக்டர், "டெஸ்ட் பண்ணவன் சொதப்பியிருப்பான்" என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! தூ!

"டிவி வர்றதுக்கு முன்னாடி அம்மாவோட செல்ல நைட்ரஜன் டேங்க்ல உறைய வச்ச குப்பி ஒண்ணு இருக்கு சார். அதுலேர்ந்து திரும்ப ஆரம்பிக்கலாம்."

"ஏழு பேப்பரும் போயிடும். அதத் தூக்கிப் போடு. வாயத் தொறந்தா வேலை இருக்காது."

மறுவாரம் கருத்தரங்கு. திரையில் ஆளுயரத்துக்கு அந்தச் செல்கள். "நாளைய மருந்துக்கு இவைதான் வழிகாட்டி!" என்று முழங்கினார் டாக்டர். ஒரே கைதட்டல்.

கடைசி வரிசையில் ஐரின் எழுந்து நின்றாள். குரல் நடுங்கவில்லை.

"சார், அது எங்க அம்மா இல்ல. எங்க அம்மா கீழ நைட்ரஜன் டேங்க்ல இருக்காங்க. நீங்க தூக்கிப் போடச் சொன்னீங்களே, அவங்கதான்."