தலைவர் கழற்றிய நூல் மாலை

போன வியாழக்கிழமை திருத்தணிக்குப் போயிருந்தேன். சாமி கும்பிட அல்ல. மலையடிவாரத்தில் ஒரு பொதுக்கூட்டம். ஒரு தலைவரைத் திட்டி எழுதலாம் என்ற நல்ல எண்ணத்தோடுதான்!

யாரை என்கிறீர்களா? இருபது வருஷம் கதர் கதர் என்று ஊர் ஊராய் அலைந்தவர். இரண்டு தடவை ஜெயில். திடீரென்று ஒருநாள், "ராட்டை நூலை நம்பினால் நெசவாளி பட்டினிதான், அவனுக்கு மில் நூல் கொடு" என்று கிளம்பிவிட்டார். கட்சி வெளியே தள்ளியது. காலில் விழுந்தவர்களே "மில் முதலாளியின் கைக்கூலி" என்றார்கள். நானும் இந்தப் பத்தியில் அப்படி எழுதியவன்தான்.

மேடையில் ஒரு பொதட்டூர்பேட்டை நெசவாளி அவருக்கு நூல் மாலை போட்டார். கதர்த் தலைவர்களுக்கு நூல் மாலை வழக்கம்தான். ஆனால் இது பளபளவென்று மில் நூல்! கதர்க்காரர்கள் விடுவார்களா? "கழற்று! கழற்று!" என்று ஒரே கூச்சல். தலைவர் சிரித்தாரே தவிர, கழற்றவில்லை.

பேச்சின் நடுவே தண்ணீர் குடிக்க மேடைக்குப் பின்னால் வந்தார். நானும் அங்கேதான் நின்றேன். மாலை போட்டவரின் மனைவி தயங்கித் தயங்கி வந்தாள்.

"கோச்சிக்காதீங்கய்யா... அது தறில குறுக்கால ஓட்டற ஊடைக்கு வெச்சிருந்த நூலுங்க. எங்க ஊட்டுக்காரரு ஆசைல எடுத்தாந்துட்டாரு. லுங்கி பாதில நின்னுகினு இருக்குது. நாளன்னிக்கு நெஞ்சு முடிச்சு, தறிலேந்து அறுத்துக் குடுத்தாத்தான் கூலி. நான் ஆறு மணி பஸ்ஸுக்குப் போவணும்."

தலைவரின் காரியதரிசி பதறினார். "இப்பக் கழட்டினா அவனுங்க ஜெயிச்ச மாதிரி ஆயிடுங்க! வேற நூல் வாங்கிக் குடுத்துடலாம்."

"எங்கய்யா வாங்குவ? கண்ட்ரோல் கடைல நூல் இல்லன்னுதான நான் இவ்ளோ நேரமா கத்திகினு இருக்கேன்?"

மாலையைக் கழற்றி, சிக்கு விழாமல் மடித்து, அவள் கையில் கொடுத்தார். வெறும் கழுத்தோடு மேடையேறினார். விசில் பறந்தது. "தோத்துட்டான்!" என்று எகிறிக் குதித்தார்கள். அவர் விட்ட இடத்திலிருந்து பேசினார்.

மறுநாள் பேப்பரில், எதிர்ப்புக்குப் பணிந்து மாலையைக் கழற்றினார் என்று செய்தி. ரயில்வே ஸ்டேஷனில் அவரைப் பிடித்தேன். "ஒரு மறுப்பு எழுதுங்களேன்?"

"எழுதினா அந்தப் பொண்ணு வந்து கேட்டதைச் சொல்லணும். மாலை போட்டவன் அப்புறம் ஊர்ல தலை நிமிந்து நடப்பானா? நான் தோத்ததாவே இருக்கட்டும், போங்க."

ஜெயிலுக்குப் போகத் தைரியம் வேண்டும்தான். அங்கே மாலை மரியாதையாவது உண்டு. தோற்றவன் என்ற பெயரை வாங்கிக்கொண்டு, வாயைத் திறக்காமல் ரயிலேற...? அவர் கொள்கை சரியா தப்பா, எனக்கு இன்னும் தெரியவில்லை. கைக்கூலி என்று நான் எழுதியது தப்பு. வெட்கப்படுகிறேன்.

மனசு கேட்காமல், ஞாயிற்றுக்கிழமை பொதட்டூர்பேட்டைக்கே போனேன். லுங்கி அறுத்தாகிவிட்டது. நெசவாளிக்கு மனைவி எல்லாம் சொல்லியிருந்தாள். மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஐயா தோத்துட்டார்னு டீக்கடைல பேசிகினு இருக்கிறாங்க. என்னால தாங்க முடியலங்க. நடந்தத எழுதுங்க. என் பேரையும் போட்டு எழுதுங்க!"

எழுதிவிட்டேன். பேரை மட்டும் போடவில்லை... தலைவர் கோபித்துக்கொள்வார்.