ரூபார்ப் பாத்திக்குள் இறங்கிய தூசி உறிஞ்சி

ஹோப்ரோ ஊர்த் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பிரெபெனுக்குப் பகலெல்லாம் சத்தமில்லாத வேலை. குழி வெட்டுவார், வேலிச்செடிகளைக் கத்தரிப்பார், சரளைக்கல்லைக் கோடு கோடாக வாரி விடுவார். அங்கே அவரைக் குறை சொல்ல இதுவரை யாரும் எழுந்து வந்ததில்லை. நாலு மணிக்கு வீடு திரும்பி, தோட்டத்துக் கொட்டகையில் மரவேலையை ஆரம்பித்தால்தான் வம்பு.

வம்புக்குக் காரணம் ரம்பம்கூட இல்லை; ரம்பம் கக்கும் தூளை இழுக்கிற தூசி உறிஞ்சி. அதை முடுக்கினால் விமானம் ஒன்று கொட்டகைக்குள் இறங்க இடம் தேடுவது போலிருக்கும். நிறுத்திவிட்டு வேலை பார்க்கவும் வழியில்லை. ஒரு தடவை அப்படிச் செய்துவிட்டு மூன்று நாள் மரத்தூளாகவே இருமினார்.

பக்கத்து வீட்டு ரிக்மோர் அம்மாள் ஓய்வுபெற்ற பல் மருத்துவர். எழுபத்து நாலு வயது. வேலிக்கு மேல் தலையை நீட்டிச் சொன்னார்: "நாப்பது வருஷம் காதுக்குப் பக்கத்துல டிரில்லு ஓட்டினவ நான். எனக்கே தாங்கலைன்னா பாத்துக்கோ, பிரெபென்."

"ஏதாவது பண்றேங்க" என்றார் பிரெபென். ஒப்புக்காகச் சொல்லவில்லை. அந்தச் சத்தம் அவருக்கே பிடிக்காது.

முதலில் கொட்டகைச் சுவரெங்கும் முட்டை அட்டைகளை ஒட்டினார். அதற்காக அவரும் மனைவி இங்கெலிசேயும் ஏப்ரல் முழுக்க ஆம்லெட்டே தின்றார்கள். சத்தம் இம்மியும் குறையவில்லை. பிறகு இயந்திரத்தின் காலடியில் தடித்த ரப்பர் வைத்தார். தரை அதிர்வது நின்றது. ஜன்னல் கண்ணாடி கிடுகிடுப்பதும் நின்றது. உறுமல் மட்டும் அப்படியே இருந்தது. கடைசியில் கனமான பலகையில் பெட்டி அடித்து, விருந்தாளி மெத்தையைக் கிழித்து உள்ளே பொதிந்து, இயந்திரத்தை அதற்குள் அடைத்தார். உறுமல் பாதியானது. ஆனால் இருபதாவது நிமிஷம் இயந்திரம் சூடேறித் தானாக நின்றுபோனது.

"மூச்சு முட்டிருச்சு" என்றாள் இங்கெலிசே. "உன்னப் பெட்டிக்குள்ள அடைச்சா நீ மட்டும் பாடிக்கிட்டா இருப்ப?"

காற்று வெளியே போக வேண்டும். அதே வழியில் சத்தம் போகக் கூடாது. இந்த யோசனை அவரை வேலையிடத்திலும் விடவில்லை. மே மாதம் ஒரு அடக்கத்தில், சவப்பெட்டியின் மேல் முதல் வாரி மண் விழுந்தபோது 'டம்' என்றது. பத்தாவது விழுந்தபோது ஒன்றுமே கேட்கவில்லை. பிரெபெனின் முகம் மலர்ந்துவிட்டது. இறந்தவரின் தங்கை அதைப் பார்த்துவிட்டாள். அவர் அவசரமாகக் கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

ஜூனில் இங்கெலிசே பார்ன்ஹோம் தீவிலிருக்கும் அக்கா வீட்டுக்குப் போனாள். பிரெபென் விடுப்பு எடுத்துக்கொண்டு, புளிப்புத் தண்டுக்காக வளர்த்த ரூபார்ப் செடிப் பாத்திக்குப் பக்கத்தில் தோண்ட ஆரம்பித்தார். கை முப்பது வருஷப் பழக்கத்தில் ஓடியது. நிமிர்ந்து பார்த்தபோது ஆறடி நீளம், செங்குத்தான சுவர், பிசிறில்லாத விளிம்பு. இயந்திரத்துக்கு அதில் பாதி போதும். சரி, இருக்கட்டும் என்று பெட்டியோடு உள்ளே இறக்கினார். கொட்டகையிலிருந்து தூள் வரும் குழாயை அதில் பொருத்தினார். காற்று வெளியேறும் குழாயை, கம்பளிப் பஞ்சு பொதிந்து நாலு வளைவு வளைத்து, ரூபார்ப் இலைகளுக்கு நடுவே மேலே கொண்டுவந்தார். தூள் பையை மாற்ற மட்டும் ஒரு மூடி விட்டு, மற்ற இடத்தில் பலகை போட்டு மண்ணைக் குவித்தார்.

ஓடவிட்டுப் பார்த்தார். கொட்டகையில் ரேடியோவில் வானிலை சொல்வது தெளிவாகக் கேட்டது! வெளியே ஓடிப்போய் மண்மேட்டை இரண்டு தட்டுத் தட்டிக்கொடுத்தார். ரிக்மோர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார்.

"இனிமே உங்களுக்குத் தொல்லையே இல்ல. மண்ணுக்குள்ள போயாச்சு. எவ்வளவு கத்தினாலும் கேக்காது!"

ரிக்மோர் சட்டென்று வீட்டுக்குள் போய்விட்டார். இங்கெலிசேயை அவர் பார்த்து நாலு நாளாகியிருந்தது.

மறுநாள் பிரெபென் பலகை இழைத்துக்கொண்டிருக்கையில் ட்ரோல்ஸ் என்ற போலீஸ்காரர் வந்தார். மேட்டைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார்.

"வீட்டுக்காரம்மா எங்கங்க?"

"பார்ன்ஹோம்ல."

"அப்ப இது?"

"தூசி உறிஞ்சி."

ட்ரோல்ஸ் நம்பவில்லை. மண்டியிட்டு ரூபார்ப் இலைகளுக்குள் காதை வைத்தார். உள்ளிருந்து "ம்ம்ம்ம்" என்று ஒரு முனகலும், கன்னத்தில் வெதுவெதுப்பான மூச்சும். பதறி எழுந்தார். "ஐயோ, உயிரோட இருக்கு!"

"பின்ன? நேத்துதானே வெச்சேன்."

அதற்குப் பிறகு எதைச் சொன்னாலும் எடுபடவில்லை. வேலியோரம் ரிக்மோர் கைகளைப் பிசைந்துகொண்டிருந்தார். ட்ரோல்ஸ் மண்வாரியைத் தேட, பிரெபென் அவசரமாக மனைவிக்கு வீடியோ அழைப்புப் போட்டார்.

"இங்கெலிசே, நான் உன்னப் புதைச்சிட்டேன்னு போலீஸ் வந்திருக்கு."

அவர் போனை மேட்டின் பக்கம் திருப்பிக் காட்ட, அவள் திரையை உற்றுப் பார்த்தாள். "அதுவா? ஆறடி எதுக்கு? என்னைய நீ அளந்ததே இல்லையா? நான் அஞ்சே கால்தான்."

அவள் முகத்தையும் மேட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பிரெபென் கொட்டகையில் சுவிட்சை அணைத்ததும் முனகல் நிற்பதைக் கேட்டுவிட்டுத்தான் ட்ரோல்ஸ் அடங்கினார். அறிக்கையில் என்ன எழுதுவது என்று பேனாவைக் கடித்தார். மூவரும் சேர்ந்து யோசித்து, 'தோட்ட வேலை' என்று எழுதினார்கள். ரிக்மோர் முகம் சிவந்து போய் ஸ்ட்ராபெரி கேக் கொண்டுவந்தார்.

ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்த இங்கெலிசே, பெட்டியைக் கீழே வைக்கும் முன்பே மேட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். "நீளத்தக் குறை. ஸ்டேஷன்லருந்து வர்ற வழியில பாத்தவனெல்லாம், உள்ள கிடக்கறது நீதான்னு நெனச்சு எனக்கு அனுதாபம் சொல்றான். தபால்காரர் உன்ன எத்தன வருஷமாத் தெரியும்னு சொல்லிச் சொல்லி அழுதுட்டாரு."

பிரெபென் மறுநாளே மேட்டில் பாதியைச் சமப்படுத்தி உருளைக்கிழங்கு நட்டார். ரிக்மோர் வேலிமேல் சாய்ந்து, வரிசை கோணலாகப் போகிறது என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.