கடைசி வண்டியில் வந்த ஸ்டெல்லா டீச்சர்

செய்தியைச் செல்வம் சார்தான் போனில் சொன்னார். "சார்... நம்ம ஸ்டெல்லா டீச்சர் வண்டி வளைவுல பள்ளத்துல கெடக்குதாம். டீச்சர்..."

அன்று, மலைப் பள்ளி ஆசிரியர்கள் உங்களுக்கெல்லாம் கள்ளக்குறிச்சியில் பயிற்சி வகுப்பு; நான் ஓய்வு பெற்று வீட்டில் இருந்தேன். பள்ளியைப் பூட்டிப் போட மனமில்லாமல் டீச்சர் மட்டும் தனியாக மலை ஏறினார். மழையில் சறுக்கி விழுந்தவரை வெகுநேரம் கழித்து ஒரு ஜீப்காரர் பார்த்திருக்கிறார். அப்போதும் உயிர் இருந்ததாம். அந்த ஒன்றைத் தாண்டி என்னால் எதையும் நினைக்க முடியவில்லை.

வெள்ளிமலைப் பக்கத்துப் பள்ளிகளுக்குத் தினமும் வண்டியில் போய்வந்த நம்மை ஒரு கூட்டமாக்கியவர் அவர். நேர்ரோட்டில், பிரார்த்தனைக்கு நிற்கும் பிள்ளைகள் போல, முன்னால் இருப்பவர் மறைக்காதபடி இடமும் வலமும் மாறி வரவேண்டும். வளைவில் ஒற்றை வரிசை. மெதுவாக ஓட்டுபவர் முன்னால், அது நான். "அவங்கவங்க பின்னாடி வர்ற ஒரு ஆள கண்ணாடில பாத்துக்கினா போதும். தெரியலயா, ஸ்பீட கம்மி பண்ணு" என்பார். ஒருவர் குறைத்தால் அவருக்கு முன்னால் போகிறவரும் குறைப்பார். கடைசியில் எல்லோரும் நின்றுவிடுவோம். கடைசி வண்டி எப்போதும் டீச்சருடையது.

ஒருநாள் செல்வம் சார் என்னை முந்திக்கொண்டு போய்விட்டார். டீக்கடையில் டீச்சர் அவருடைய வண்டிச் சாவியை உருவிக்கொண்டார்.

"இன்னா சார், பொண்ணு பாக்கவா போய்க்கினு இருந்தீங்க?"

"சார் பின்னாடி வந்தா தூக்கம் வருது டீச்சர்."

"வந்தா நிறுத்தி மூஞ்சி கழுவுங்க. இனிமே தாண்டுனீங்கன்னா பஸ்ல வாங்க."

அதே செல்வம் சார்தான் பிறகொரு மழைநாளில் வளைவில் விழுந்தார். நாம் திரும்பி ஓடுவதற்குள் டீச்சர் வளைவுக்குக் கீழே போய் நின்று, தன் சிவப்பு மழைக்கோட்டைக் கழற்றி ஆட்டி, ஏறி வந்த பஸ்ஸை நிறுத்தியிருந்தார். அதே போன்ற மழை, அதே போன்ற வளைவு. செல்வம் சாருக்குப் பின்னால் ஒருவர் இருந்தார். டீச்சருக்கு யாரும் இல்லை.

அடக்கம் முடிந்த பிறகு நீங்கள் ஆளுக்கொரு நேரத்தில் தனித்தனியாக மலை ஏறுகிறீர்களாம். செல்வம் சாரிடம் கேட்டேன். "கண்ணாடியப் பாக்கவே முடியல சார்" என்று அழுதார். எனக்கும் புரிகிறது. ஆனாலும் கெஞ்சிக் கேட்கிறேன், வேண்டாம். மழை இன்னும் விடவில்லை. இன்னொரு முறை அப்படி ஒரு போனை எடுக்க எனக்குத் தெம்பில்லை.

டீச்சரின் வீட்டுக்காரர் அந்த மழைக்கோட்டை என்னிடம் கொடுத்தார். ஒரு கை கிழிந்திருக்கிறது, தைக்கக் கொடுத்திருக்கிறேன். டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதையும், வரிசையில் அவருடைய கடைசி இடத்தையும்தான். திங்கட்கிழமை காலை மலையடிவாரத்தில் காத்திருப்பேன். ஓய்வு பெற்றவனுக்கு மேலே என்ன வேலை என்று கேட்காதீர்கள். மாலையில் நீங்கள் இறங்கும்வரை டீக்கடையில் உட்கார்ந்திருப்பேன். மெதுவாக ஓட்டுபவன் கடைசியில் வரக்கூடாது என்பார் டீச்சர். இந்த ஒன்றில் மட்டும் அவர் சொல்லை மீறுகிறேன். கண்ணாடியில் அந்தச் சிவப்பு தெரியவில்லை என்றால், வேகத்தைக் குறையுங்கள்.