நான் எண்ணிய பன்னிரண்டாவது தலை

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஜூன் பள்ளி விடுமுறையில், இளையர்களுக்கான அனைத்துலகக் கூடைப்பந்துப் போட்டி இங்கே சிங்கப்பூரில் நடந்தது. தொண்டூழியராகச் சேர்ந்த எனக்கு, ஒரு நாட்டுப் பெண்கள் அணியைக் கவனித்துக்கொள்ளும் வேலை. பன்னிரண்டு பிள்ளைகள். ஆங்கிலம் அரைகுறை.

நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை. எத்தனையோ கற்றல் பயணங்களுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போயிருக்கிறேன், ஒருவரையும் தொலைத்ததில்லை. தலை எண்ணுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று எனக்குக் கொஞ்சம் திமிர்தான்.

அரையிறுதி அன்று காலை, பயிற்றுவிப்பாளர் முன்னதாகவே அரங்கத்துக்குப் போய்விட்டார். பிள்ளைகள் ஆசைப்பட்டார்களே என்று லிட்டில் இந்தியாவில் தேக்கா சந்தைப் பக்கம் சுற்றிக் காட்டினேன். திடீரென்று வானம் இருட்டி மழை கொட்டியது. எல்லாரும் பேருந்துக்கு ஓடினோம். உள்ளே ஒரே இருட்டு. முன்னால் நின்றபடியே, இருக்கைகளுக்கு மேல் தெரிந்த தலைகளை எண்ணினேன். பன்னிரண்டு.

"பன்னெண்டு பேரும் ஏறியாச்சு, போலாம்ணே" என்றேன் ஓட்டுநரிடம்.

அரங்க வாசலில் இறங்கியதோ பதினொரு பேர். மறுபடி எண்ணினேன். பதினொன்றுதான்.

"டீச்சர், பன்னெண்டுன்னுதானே சொன்னீங்க?" என்றார் ஓட்டுநர்.

பேருந்துக்குள் ஓடினேன். பின்வரிசையில் ஒருத்தி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அப்பாடா, தூங்கிவிட்டாள் போல என்று தோளைத் தொட்டேன். கை பொசுக்கென்று உள்ளே போனது. இருக்கையில் மாட்டிய அணிச்சட்டை, அதன்மேல் தொப்பி. இருக்கை வார்கூடப் போட்டிருந்தது.

பின்னாலேயே வந்த அணித்தலைவி திக்கித் திக்கிச் சொன்னாள். இரண்டு மாதம் முன்பு விபத்தில் போய்விட்ட தோழியின் சட்டையாம் அது. அன்று அவளுடைய பிறந்தநாள், அதனால் அவளுக்கும் ஓர் இடம்.

இல்லாதவளை எண்ணிவிட்டு, இருக்கிறவளை மழையில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன்!

ஆட்டத்துக்கு முக்கால் மணி நேரம்தான் இருந்தது. மற்றவர்களை அரங்கத்துக்குள் அனுப்பிவிட்டு, ஓட்டுநரும் நானும் அதே பேருந்தில் திரும்பப் பறந்தோம். தெரியாத ஊரில், பாஷை தெரியாத பிள்ளை. வழியெல்லாம் எனக்கு உயிரே இல்லை. நல்லவேளை, ஒரு பூக்கடை ஓரத்தில் முக்காலி போட்டு அவளை உட்கார வைத்திருந்தார்கள். கையில் இரண்டு மல்லிகைச் சரம். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். எனக்குத்தான் அழுகை வந்தது.

"தனியா இருந்தா பயந்திருக்கும் லா" என்றார் பூக்கடை அக்கா. "கூட ஒரு பொண்ணு நின்னுச்சே, அதான் தைரியமா இருந்துச்சு. இது போட்டிருக்கிற அதே சட்டை. இப்பதான் அந்தப் பக்கம் போச்சு, நீங்க பாக்கல?"

மற்ற பதினொரு பேரும் அரங்கத்தில் இருந்தார்கள். என் கையெல்லாம் புல்லரித்தது. பிள்ளையைப் பார்த்தேன். தோழிக்காக ஒரு சரம்தான் கேட்டேன், இன்னொன்றை அந்த அக்காவே கொடுத்தார் என்று அரைகுறை ஆங்கிலத்திலும் விரலாலும் சொன்னாள். கூட யாராவது இருந்தார்களா என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

ஆட்டத்துக்கு வந்து சேர்ந்துவிட்டோம். பயிற்றுவிப்பாளரிடம் என் தவற்றை மறைக்காமல் சொன்னேன்.

இப்போதெல்லாம் முகம் பார்த்து, பெயர் சொல்லித்தான் எண்ணுகிறேன். ஆனால் ஒவ்வொரு முறையும், நான் விட்டுவிட்டு வந்த பிள்ளைக்குத் துணையாக நின்றது யார் என்ற கேள்வி எழுகிறது; பயமும் நன்றியும் ஒன்றாகவே வருகின்றன.