பத்து ட்ரேக்கு ஒரே கார்டு

மண்ணூர்பேட்டை கம்பெனியில் பதினாறு வருடம் லேத் முன்னால் நின்றே என் இடுப்பு போயிற்று. இனி நாள் முழுக்க நிற்கவே கூடாது என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். உட்கார்ந்து செய்யும் வேலை எங்கள் கம்பெனியில் ஒன்றுதான் காலி. எந்த ட்ரேயில் எந்த பாகம் இருக்கிறது என்று காட்டும் புரோகிராமைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஜாவா என்ற கம்ப்யூட்டர் மொழி தெரிய வேண்டும். மேனேஜர் ஒரு மாதம் கொடுத்தார். பத்து ட்ரேயின் விவரத்தையாவது திரையில் வரவழைத்துக் காட்டு, இல்லாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள் என்றார்.

முகப்பேர் வீட்டில் தினமும் வீடியோ பாடம். நாய் ஒரு கிளாஸாம், அது குரைக்குமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லேத்காரனுக்கு நாய் எதற்கு? நாயைத் தூக்கிப் போட்டுவிட்டு, எங்கள் ட்ரேக்களில் மாட்டும் ஜாப் கார்டு என்று எழுதினேன். அப்போதுதான் கொஞ்சம் பிடிபட்டது. கட்டம் போட்ட வெற்று கார்டுதான் கிளாஸ், அதாவது மாதிரி. பாகத்தின் பெயரை எழுதி ட்ரேயில் மாட்டினால் அது ஆப்ஜெக்ட். சே, இவ்வளவுதானா என்றிருந்தது.

அந்தத் திமிர் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. பத்து ட்ரேக்கும் பத்துப் பாகங்களைக் கொடுத்தால், திரையில் பத்து வரியிலும் கடைசிப் பாகம் மட்டுமே வந்தது. மூன்று நாள் முட்டிக்கொண்டேன். கெடு முடிய நான்கு நாள்தான் பாக்கி. உண்மையாகவே பயந்துவிட்டேன்.

சாப்பாட்டு நேரத்தில் லேப்டாப்பை கேன்டீனுக்கே கொண்டுபோனேன். பக்கத்து லேத் நண்பன் எட்டிப் பார்த்தான். திரையில் ஜாப் கார்டு என்று பத்து வரி, பத்திலும் ஒரே பெயர். கம்ப்யூட்டர் பக்கமே போகாதவன்.

“இன்னா மச்சான், பத்து ட்ரேக்கும் ஒரே கார்டை மாட்டிக்கினு கீற?”

உனக்கென்ன தெரியும் என்று எரிந்து விழுந்தேன். அவன் அசரவில்லை.

“உன் மெஷினாண்ட ஒரு ட்ரேதான். துடைச்சிட்டு துடைச்சிட்டு எழுதுவ. இங்க பத்து கீதே, பத்து கார்டு வாணாவா?”

சோற்றைத் தள்ளி வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தேன். எங்கள் லேத் பக்கம் ஒரு வேலை முடிந்ததும் பிளாஸ்டிக் கார்டை வேஸ்ட் துணியால் துடைத்துவிட்டு அடுத்ததை எழுதுவோம். பதினாறு வருடக் கை அதையே இங்கும் செய்திருக்கிறது. ஒரே ஆப்ஜெக்டை உண்டாக்கி, அதையே மாற்றி மாற்றி எழுதி, பத்து முறை பட்டியலில் போட்டிருக்கிறேன். புது ஆப்ஜெக்ட் உண்டாக்கும் வரி, பத்து முறை திரும்பத் திரும்ப ஓடும் லூப்புக்கு வெளியே கிடந்தது. உள்ளே நகர்த்தினேன். பத்து வரி, பத்துப் பாகம். கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் இல்லை.

கெடு நாளில் காட்டியபோது மேனேஜர் பதினோராவது ட்ரே ஒன்றையும் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன், அதுவும் சரியாக வந்தது. திங்கட்கிழமை கம்ப்யூட்டர் இருக்கும் கண்ணாடி ரூமுக்கு வந்துவிடு என்றார்.

திங்கட்கிழமை ஷிஃப்ட் தொடங்கும் சைரன் அடித்தது. பழக்க தோஷம், நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். நண்பன் வெளியிலிருந்து கண்ணாடியைத் தட்டினான்.

“உக்காரு மச்சான். அதுக்குத்தானே இவ்ளோ பாடு.”

உட்கார்ந்தேன்.