நிறுத்தக் கூடாத ஐம்பது நிமிடம்

நம்புங்கள் என்று கெஞ்சப் போவதில்லை. நான் பொய் சொல்கிற ஆள்தான். எங்கள் ஊர் மாங்கேணியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் இது பொய்யாக இருந்தால், என்னைக் கொஞ்சம் தைரியசாலியாக வைத்துச் சொல்லியிருப்பேன். இது நடந்தது. போன வருடம் ஆவணி மாதம், ஒரு வியாழக்கிழமை. இரவுகூட இல்லை. நல்ல உச்சி வெயில்.

என் மனைவி கஜானி நான்கு வருடம் குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டு அன்றுதான் திரும்பி வருகிறாள். மாலை ஏழு இருபதுக்குக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வெளியே வருவாள். அவளிடம் நம் நாட்டு சிம் இல்லை. “நான் வெளியால வரக்குள்ள நீங்க நிக்கணும். தனிய நிக்க ஏலா” என்று மூன்று தடவை சொல்லியிருந்தாள். நான்கு வருடமாகத் தனியாக நின்றவள். நானும்தான். நான் ஓட்டும் வாடகை வேனோடு பேசிப் பேசி, அது பதில் சொல்லவில்லை என்று கோபித்துக்கொள்ளும் நிலைக்கு வந்திருந்தேன்.

அன்று காலை 11.05க்கு அது பதில் சொன்னது.

ஓட்டமாவடிக்குப் போகிற வழி. களப்பு என்கிற உப்பு ஏரியின் ஓரம். ஒரு வீடு கிடையாது. இஞ்சின் சூடு காட்டும் முள் சிவப்பில் நின்றது. பின்னால் வெள்ளைப் புகை. ஒயில் மூடியைத் திறந்தால் உள்ளே பால் தேத்தண்ணி நிறம். ஒயிலோடு தண்ணீர் கலந்துவிட்டது.

ஓட்டமாவடியில் கராஜ் வைத்திருக்கும் நௌஷாட்டை அழைத்தேன்.

“தண்ணியையும் ஒயிலையும் பிரிக்கிற ஹெட் கெஸ்கட் போயித்து மச்சான். கழட்டணும். மூணு நாள் செல்லும்.”

“கஜானி ஏழு இருவதுக்கு வெளியால வாறாள்டா.”

“அந்தப் போத்தல் இரிக்கா?”

இருந்தது. இஞ்சினுக்குள் ஓட்டை அடைக்கும் மருந்து. இரண்டு கிழமைக்கு முன் வேன் சாடையாகச் சூடானபோது வாங்கியது. ‘ஆடுற பல்லுக்குச் சுவிங்கம் ஒட்டுறியா?’ என்று அப்போது சிரித்தவன் இவன்தான்.

“சூடு ஆறினதும் பழைய தண்ணிய முழுக்க இறக்கு. நல்ல தண்ணியால கழுவு. மறுகா தண்ணியையும் மருந்தையும் ஊத்தி, ஹீட்டரயும் போட்டு, அம்பது நிமிஷம் இஞ்சின ஓட விடு. இடையில நிப்பாட்டினா மருந்து பாதியில இறுகிரும். இஞ்சின் மௌத்து. களப்புத் தண்ணிய ஊத்திராத. உப்பு.”

நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? அப்போதுதான் பாலை மரத்தைப் பார்த்தேன். மஞ்சள் கேன் ஒன்று தொங்கியது. எங்கள் ரோட்டில் சாரதிகளுக்குள் ஒரு வழக்கம் உண்டு. வழியில் கொதித்து நிற்கிறவனுக்காக மரத்தில் தண்ணீர்க் கேன் கட்டி வைப்போம். எடுத்தவன் நிரப்பித் திரும்பக் கட்ட வேண்டும்.

இறக்கினேன். நிறையத் தண்ணீர். நக்கிப் பார்த்தேன். உப்பில்லை. ஆனால்... ஐஸ் போலக் குளிர்ந்தது. அந்த வெயிலில்.

கழுவினேன், ஊற்றினேன், வெறும் கேனைத் திரும்பக் கட்டினேன். நிரப்ப நேரமில்லை. “வரக்குள்ள நிரப்புறன்” என்று கேனிடம் சொன்னேன். வேனோடு பேசுகிறவனுக்குக் கேனோடு பேச என்ன வெட்கம்?

12.05. ஸ்டார்ட். உச்சி வெயிலில் ஹீட்டரையும் போட்டுக்கொண்டு, நீத்துப்பெட்டிக்குள் வைத்த பிட்டுப் போல அவிந்தேன்.

12.19. என் இஞ்சின் சத்தத்துக்கு அடியில் இன்னொரு இஞ்சின். கனமான சத்தம். லொறி. எட்டிப் பார்த்தேன். ரோடு வெறுமையாகக் கிடந்தது.

12.24. அந்தச் சத்தம் நின்றது. யாரோ சாவியைத் திருப்பி நிறுத்தியது போல. பிறகு... சளக்... சளக்... தண்ணீருக்குள் யாரோ இறங்கி நடக்கிற சத்தம். களப்பைப் பார்த்தேன். ஒரு கொக்குக்கூட இல்லை.

12.31. முள் ஏறியது. சிவப்பைத் தொட்டது. என் கை சாவிக்குப் போனது.

“நிப்பாட்டாத மனே.”

பின் சீட்டிலிருந்து.

கண்ணாடியில் பார்த்தேன். நெஞ்சுவரை நனைந்த ஓர் ஆள். தோளில் பச்சைத் துவாய். முகம்... நான் பார்க்கவில்லை.

“நான் நிப்பாட்டித்தன். அவள் பாத்துப் பாத்து நிண்டாள்.”

சொட்... சொட்...

முள் இறங்கியது.

12.55. இஞ்சினை நிறுத்தித் திரும்பினேன்.

யாருமில்லை.

சீட் நனைந்திருந்தது.

இஞ்சின் ஆறும்வரை வேனுக்குள் ஏறாமல் நடு ரோட்டில்தான் நின்றேன். 1.40க்குப் புறப்பட்டேன். கட்டுநாயக்காவில் 8.10. சரியாக ஐம்பது நிமிடம் பிந்தியிருந்தேன். கஜானி பெட்டியோடு நின்றாள். அழவில்லை, ஏசவுமில்லை. நான்தான் அழுதேன். ஹீட்டர் வெக்கை என்று சமாளித்தேன். திரும்பும்போது இருட்டில் அந்தப் பாலையை நிற்காமல் கடந்தேன்; கேனை நிரப்பவில்லை.

மூன்றாம் நாள் நௌஷாட் இஞ்சின் ஹெட்டைக் கழற்றினான். கெஸ்கட்டில் விரல் நுழைகிற ஓட்டை.

“இத எந்த மருந்தும் அடைக்காது. நீ எப்படிடா போய் வந்த?” இறக்கிய தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தான். துப்பினான். “களப்புத் தண்ணி ஊத்தாத எண்டு சொன்னன்தானே?”

கேனைப் பற்றிச் சொன்னேன். அவன் கையிலிருந்த ஸ்பேனர் அப்படியே நின்றது.

“அந்தப் பாலையில கேன் கட்டுறத விட்டுப் பதினொரு வருஷம் மச்சான். திவாகரன் எண்டு ஒரு லொறிக்காரன். சூடாகி அங்கதான் நிப்பாட்டினான். அவனுக்கு முதல் எடுத்தவன் எவனோ கேன நிரப்பாமக் கட்டித்துப் போயிரிக்கான். இவன் அதத் தூக்கிக்கொண்டு களப்புக்க இறங்கினான். மறுநாள்தான் பிரேதத்த எடுத்தாங்க. கேன் கிடைக்கல்ல. பொஞ்சாதி வாழைச்சேன ரெயில் ஸ்டேசன்ல இவனப் பாத்து விடிய விடிய நிண்டாளாம்.”

வீட்டுக்கு வந்து கஜானியிடம் சொன்னேன், சிரிப்புக் கதையாக்கி. பின் சீட்டில் நனைந்த ஆள் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“தோள்ள பச்சைத் துவாயா?”

தலையை ஆட்டினேன்.

“ஏழு இருவதில இருந்து எனக்குப் பக்கத்தில நிண்டவர். ‘பயப்பிடாத புள்ள, நீ தனிய இல்ல. அவன் நிப்பாட்டாம வாறான். அம்பது நிமிஷம்’ எண்டவர். உங்கட வேன் வந்ததும் ஆளக் காணல்ல.”

கோப்பையைத் தள்ளி வைத்துச் சொன்னாள்.

“கையில ஒரு மஞ்சள் கேன். வெறுங்கேன்.”